துபாயில் வேலை, ஐரோப்பாவுக்குப் பயணம்: வளைகுடாவில் இருந்தபடியே ஷெங்கன் விசா வாங்க முழுமையான வழிகாட்டி

எங்கள் கம்பெனியின் கட்டுமானப் பிரிவில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் மேஸ்திரியாக இருந்தார். அவருடைய மகள் ஜெர்மனியில் மேற்படிப்பு முடித்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். கணக்குப் பிரிவில் இருந்த என்னிடம் வந்து அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, இந்த விசாவுக்கு நான் ஊருக்குப் போய்ச் சென்னையில்தான் விண்ணப்பிக்க வேண்டுமா?"

வேண்டியதில்லை. துபாயிலேயே விண்ணப்பிக்கலாம். சொல்லப்போனால், ஐக்கிய அரபு எமிரேட்டில் வசிக்கும் ஒருவர் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். அன்றிலிருந்து அவருக்கும், பிறகு இன்னும் பலருக்கும் படிவம் நிரப்ப உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. தூதரக அதிகாரி கேட்கும் அத்தனை காகிதமும் ஒரே கேள்விக்குப் பதில் தேடுகிறது: இந்த ஆள் திரும்பிப் போவாரா? ஊரில் இருந்து விண்ணப்பிப்பவருக்குத் திரும்ப வேண்டிய இடம் ஊர். நமக்கோ அது துபாய். நிலப்பட்டாவையும் வீட்டுப் பத்திரத்தையும் கட்டுக்கட்டாக வைத்துவிட்டு, துபாய் வேலையைப் பற்றி ஒரு வரிக் கடிதம் மட்டும் கொடுப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

யார், எங்கே விண்ணப்பிக்கலாம்

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுதான் ஷெங்கன். அதில் இப்போது 29 நாடுகள். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கின்றன. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. லண்டனையும் பாரிஸையும் ஒரே விசாவில் பார்த்துவிடலாம் என்று நினைத்து டிக்கெட் போட்டவர்கள் உண்டு.

இந்த 29 நாடுகளுக்கும் பொதுவான விசா விதித்தொகுப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு 810ஆம் எண் ஒழுங்குமுறை. சட்டப்படி எந்த நாட்டில் வசிக்கிறீர்களோ, அந்த நாட்டில் உள்ள தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கையில் செல்லுபடியாகும் எமிரேட்ஸ் ஐடியும் குடியிருப்பு விசாவும் இருந்தால் உங்கள் வசிப்பிடம் எமிரேட். விசிட் விசாவில் துபாய்க்கு வந்திருப்பவர் நிலை வேறு. ஊரில் விண்ணப்பிக்காமல் இங்கே விண்ணப்பிப்பதற்கு அவர் தக்க காரணம் காட்ட வேண்டும், தூதரகமும் அதை ஏற்க வேண்டும். சென்னையில் முன்பதிவு கிடைக்கவில்லை என்பது போன்ற காரணத்தை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

குடியிருப்பு விசா இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் அது செல்ல வேண்டும் என்று பெரும்பாலான தூதரகங்கள் எதிர்பார்க்கின்றன. கேன்சல் ஆகும் தறுவாயில் உள்ள விசாவை வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பதைவிட, புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பது மேல். 2022 ஏப்ரலுக்குப் பிறகு எமிரேட்டில் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. ஆகவே எமிரேட்ஸ் ஐடியின் இரு பக்க நகலோடு, குடியிருப்பு அனுமதியின் மின்னணுப் பிரதியையும் அச்செடுத்து வையுங்கள். கம்பெனியில் விசா, அரசுக் காகித வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓவிடம் கேட்டால் அனுப்பிவிடுவார்.

எந்த நாட்டிடம் கேட்பது

ஒரே நாட்டுக்குப் போனால் குழப்பமில்லை. பல நாடுகளுக்குப் போனால், எங்கே அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாடு. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்தின் முக்கிய நோக்கம் ஒரு நாட்டில் இருந்தால் அதற்கும் எடை உண்டு. மேஸ்திரி ஜெர்மனியில் எட்டு நாள், பாரிஸில் மூன்று நாள் என்று திட்டமிட்டார். பட்டமளிப்பும் ஜெர்மனியில்தான். எனவே ஜெர்மனி.

எந்த நாட்டில் சீக்கிரம் முன்பதிவு கிடைக்கிறது என்று பார்த்து, அந்த நாட்டில் அதிக நாள் தங்குவதாகப் பொய்த்திட்டம் எழுதித் தரும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். விண்ணப்பத்தில் எழுதிய திட்டத்தைப் பற்றி எல்லையில் கேட்பார்கள். அதைவிட மோசம், பொய் கண்டுபிடிக்கப்பட்டால் 'கொடுத்த தகவல் நம்பத்தக்கதல்ல' என்ற மறுப்பு உங்கள் பெயரில் ஐரோப்பிய விசாத் தகவல் அமைப்பில் பதிவாகிவிடும். ஏஜென்ட்டுக்கு ஒரு வாடிக்கையாளர் போவார், அவ்வளவுதான். பதிவு உங்களோடு இருக்கும்.

பெரும்பாலான நாடுகள் விண்ணப்பத்தை நேரடியாக வாங்குவதில்லை. விஎஃப்எஸ், பிஎல்எஸ் போன்ற நிறுவனங்களின் மையங்கள் வாங்கித் தூதரகத்துக்கு அனுப்புகின்றன. மையத்தில் இருப்பவர் முடிவெடுப்பவர் அல்லர். "இந்தக் காகிதம் வேண்டாம்" என்று அவர் சொன்னாலும், அது உங்கள் கதைக்குத் தேவை என்று நினைத்தால் பணிவாகச் சொல்லி உள்ளே வைக்கச் செய்யுங்கள். அபுதாபியில் தூதரகம், துபாயில் துணைத் தூதரகம் என்று இரண்டும் வைத்திருக்கும் சில நாடுகள், துபாய், ஷார்ஜா என்று அவரவர் வசிக்கும் எமிரேட் (மாகாணம்) வாரியாக விண்ணப்பதாரர்களைப் பிரிக்கின்றன. முன்பதிவு செய்யும் முன் அந்த நாட்டின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உங்கள் எமிரேட் எதன் கீழ் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் இருக்கும்போது கதவு மூடுகிறது. முடிவெடுக்கத் தூதரகத்துக்கு 15 நாள் அவகாசம், சிக்கலான விண்ணப்பமானால் அது 45 நாள் வரை நீளலாம். வளைகுடாவில் இன்னொரு கணக்கும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் ஊரே விடுமுறைக்குக் கிளம்பும். ஏப்ரல், மே மாதங்களில் முன்பதிவு இடங்கள் பறந்துவிடும். கோடைப் பயணம் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே இறங்குங்கள். மேஸ்திரி விழாவுக்கு நான்கு மாதம் முன்பே வந்து கேட்டதால்தான் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருந்தது.

பாஸ்போர்ட்டும் நம் பெயரும்

பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளில் வேறு நாட்டு விசாக்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். போய்விட்டு ஒழுங்காகத் திரும்பியதற்கு அவையே சாட்சி.

தமிழருக்கென்றே உள்ள தொல்லை பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கிறது. ஒருவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், இன்னொருவருடையதில் அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும், மூன்றாமவருடையதில் தன் பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். எமிரேட்ஸ் ஐடியிலோ அப்பா, தாத்தா பெயரெல்லாம் வரிசையாக வந்துவிடும். வங்கிக் கணக்கில் மறுபடி வேறு வரிசை. விதி எளிது: விசாப் படிவம், விமான முன்பதிவு, காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே. மற்ற ஆவணங்களில் மாறியிருந்தால், விண்ணப்பத்தோடு தூதரகத்துக்கு நீங்கள் எழுதி வைக்கும் முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தி எழுதுங்கள்: 'தமிழ்நாட்டு வழக்கப்படி எனக்குக் குடும்பப் பெயர் இல்லை. என் தந்தையின் பெயர் இது. வங்கி அறிக்கையிலும் எமிரேட்ஸ் ஐடியிலும் காணப்படும் இப்பெயர்கள் என்னையே குறிக்கும்.' இந்தப் பத்தியை நான் யாருக்கும் விட்டுவைத்ததில்லை.

மேஸ்திரிக்கு இன்னொரு பயம். அவர் பத்தாவது தேறாததால் ஈசிஆர் பாஸ்போர்ட். அது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவோருக்கான குடியேற்றச் சரிபார்ப்பு மட்டுமே. ஐரோப்பாவுக்குச் சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்க்கவோ போவதை அது தடுப்பதில்லை.

கம்பெனி கடிதம்

என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்னும் கடிதம்) என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். டைப்பிங் சென்டரில் கிடைக்கும் வழக்கமான மாதிரியை நம்பாதீர்கள். கம்பெனியின் முகவரித்தாளில், குறிப்பிட்ட நாட்டின் தூதரகத்துக்கே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். பதவி, சேர்ந்த தேதி, மாதச் சம்பளம், அனுமதிக்கப்பட்ட விடுமுறை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தத் தேதியில் மீண்டும் பணியில் சேர வேண்டும், செலவை யார் ஏற்கிறார்கள். இறுதியில் கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண், முத்திரை. தூதரகத்திலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்துச் சரிபார்ப்பதுண்டு. எடுப்பவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் கடிதம் வெறும் தாள். கையெழுத்திட்டவரிடமும் வரவேற்பில் இருப்பவரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

கடிதத்தில் உள்ள சம்பளமும் தொழிலாளர் ஒப்பந்தத்தில் உள்ள சம்பளமும் வங்கியில் விழும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். மிகைநேரப் படியால் வங்கியில் கூடுதலாக வந்தால், கடிதத்திலேயே அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, படிகள் இவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

சொந்தத் தொழில் செய்வோருக்கு வணிக உரிமத்தின் நகலும் நிறுவனத்தின் வங்கி அறிக்கையும். கணவரின் பொறுப்பில் குடியிருப்பு விசா வைத்திருக்கும் மனைவி தனியாகப் போனால், கணவரின் சம்பளக் கடிதம், திருமணச் சான்று, அவருடைய ஐடி நகல். குழந்தை பெற்றோரில் ஒருவருடன் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம்.

வங்கிக் கணக்கு

நான் அதிகம் கவலைப்படும் இடம் இது. வளைகுடாத் தொழிலாளியின் வங்கி அறிக்கை எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். மாதம் முதல் வாரம் சம்பளம் விழும். மறுநாள் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடையில் நின்று முக்கால்வாசியை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மீதியில் மெஸ் காசு, பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில்) வாடகை, போன். மாதக் கடைசியில் கணக்கில் இருப்பது 40 திர்ஹாம். இருபது வருடம் உழைத்து, வீடு கட்டி, மகளை ஜெர்மனி வரை படிக்கவைத்த மனிதனைக் காசில்லாதவன் என்று அந்தத் தாள் காட்டும். மேஸ்திரியின் மூன்று மாத அறிக்கையை விரித்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

இதைச் சரிசெய்ய நண்பர்களிடம் பத்தாயிரம் திர்ஹாம் கைமாற்று வாங்கி, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் போடுவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. தயவுசெய்து செய்யாதீர்கள். அறிக்கையில் அந்தத் தொகை மட்டும் தனியாக நிற்கும். எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இருக்காது.

நாங்கள் செய்தது இது. நான்கு மாதம் இருந்ததால், வீட்டாரிடம் பேசி, ஊருக்கு அனுப்பும் தொகையை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குறைத்துத் துபாய்க் கணக்கிலேயே நிற்கவிட்டோம். இருப்பு மெல்ல மெல்ல ஏறுவது தாளில் தெரிந்தது. இதுவரை அனுப்பிய பணத்தின் எக்ஸ்சேஞ்ச் ரசீதுகளில் ஓராண்டுக்கு உள்ளவற்றைத் தேதிவாரியாக அடுக்கினோம். ஊரில் இருந்த என்ஆர்இ கணக்கின் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) அறிக்கையையும் வைப்புநிதிச் சான்றையும் வங்கியிலிருந்து வரவழைத்தோம். முகப்புக் கடிதத்தில் இப்படி எழுதினோம்: 'என் வருமானத்தின் பெரும்பகுதியை மாதந்தோறும் குடும்பத்துக்கு அனுப்புகிறேன். ரசீதுகள் இணைக்கப்பட்டுள்ளன. என் சேமிப்பு இந்தியாவில் உள்ள கணக்கில் இருக்கிறது.' அதிகாரி அந்தத் தாளை இப்போது சரியாகப் படிப்பார். பணம் காணாமல் போகவில்லை, குடும்பத்துக்குப் போயிருக்கிறது.

வங்கி அறிக்கை மூன்று மாதத்துக்கு என்று பொதுவாகக் கேட்பார்கள், சில தூதரகங்கள் ஆறு மாதம் கேட்கும். வங்கியின் முத்திரை பெற்ற பிரதியாக வாங்குங்கள். நாள் ஒன்றுக்கு எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அந்தந்த நாட்டின் விசாப் பக்கத்தில் தொகை இருக்கும்.

வசிப்பிடச் சான்றும் இதோடு சேரும். வீடு உங்கள் பெயரில் இருந்தால் எஜாரி (துபாய் அரசிடம் பதிவான வாடகை ஒப்பந்தம்) போதும். பெட் ஸ்பேஸில் இருப்பவர் பெயரில் எஜாரி இருக்காது. துபாயில் உடன் வசிப்பவர்களின் பெயரை எஜாரியில் சேர்க்கும் வசதி துபாய் ரெஸ்ட் செயலியில் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி கேம்ப்பில் இருப்பவர், தங்குமிடம் கம்பெனி தருகிறது என்று என்ஓசியிலேயே ஒரு வரி எழுதச் சொன்னால் போதும்.

அழைப்பு, தங்குமிடம், டிக்கெட், காப்பீடு

உறவினர் வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால் வெறும் அழைப்புக் கடிதம் பல நாடுகளுக்குப் போதாது. பிரான்சில் அழைப்பவர் தன் ஊரின் நகராட்சிக்குப் போய், வருமானமும் வீட்டு அளவும் காட்டி, 'அத்தெஸ்தாசியோன் தாக்கோய்' என்னும் வரவேற்புச் சான்றை வாங்க வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களிலும் பாரிஸைச் சுற்றி வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களிலும் இந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். சான்று ஒரே நாளில் கிடைத்துவிடாது, வாரங்கள் ஆகலாம். அதன் அசல்தான் வேண்டும், படம் பிடித்து அனுப்பினால் போதாது. ஆகவே அக்காவோ தங்கையோ அங்கே நகராட்சிக்குப் போகும் வேலையை, நீங்கள் இங்கே முன்பதிவு தேடும் அன்றே தொடங்கச் சொல்லுங்கள். கூரியரில் வர இன்னும் சில நாட்கள்.

ஜெர்மனியில் செலவை அழைப்பவர் ஏற்பதானால், அவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முறைப்படியான பொறுப்பேற்புப் பத்திரம் எழுதித் தருவார். அதற்கு நிலையான வருமானம் காட்ட வேண்டும். படிப்பு முடித்த கையோடு இருந்த மகளால் அது முடியவில்லை. எனவே மேஸ்திரி தன் செலவிலேயே போவதாக எழுதினோம். மகளின் அழைப்புக் கடிதம், அவளுடைய குடியிருப்பு அனுமதி நகல், பல்கலைக்கழகம் அனுப்பிய விழா அழைப்பு, அவளுடைய பிறப்புச் சான்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றை இணைத்தோம். விழா அழைப்பில் தேதி இருந்தது. பயணத் தேதிகளுக்கு அதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள். போக, வர முன்பதிவு இருந்தால் போதும். ஓட்டலும் ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும். ஆனால் விண்ணப்பம் கொடுத்த மறுநாளே அதை ரத்து செய்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஏஜென்ட் இப்படித்தான் செய்தார். தூதரகம் ஓட்டலைக் கேட்டபோது அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்று பதில் போயிருக்கிறது. விசா மறுக்கப்பட்டது. ஏஜென்ட் செய்தது அவருக்குத் தெரியவே தெரியாது, ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்து அவருடையது.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதுக்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும். அவசர மருத்துவம், மருத்துவமனைச் சிகிச்சை, நோயுற்றாலோ இறந்தாலோ திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்கியிருக்க வேண்டும். கம்பெனி தரும் எமிரேட் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் இவையெல்லாம் இருப்பது அரிது. தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள், பெரிய செலவில்லை.

படிவமும் முகப்புக் கடிதமும்

படிவத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள்: 'குடியுரிமை உள்ள நாட்டைத் தவிர வேறு நாட்டில் வசிக்கிறீர்களா?' என்ற கேள்வி. 'ஆம்' என்று குறித்து, எமிரேட் குடியிருப்பு அனுமதியின் எண்ணையும் முடியும் தேதியையும் எழுத வேண்டும். இதை 'இல்லை' என்று விட்டால் உங்கள் விண்ணப்பத்தின் அடித்தளமே ஆடிவிடும். முன்பு மறுப்பு வாங்கியிருந்தால் மறைக்காதீர்கள், அது அவர்கள் திரையில் இருக்கிறது.

முகப்புக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். யார் நான், எங்கே எத்தனை வருடமாக வேலை பார்க்கிறேன், எதற்காகப் போகிறேன், எந்தத் தேதியில் எங்கே, செலவு எப்படி, எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிறகு பெயர் பற்றிய பத்தி, வங்கிக் கணக்கு பற்றிய பத்தி.

கைரேகை நாள்

முன்பதிவு நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போனால் போதும். அசல்கள் ஒரு உறையில், நகல்கள் மற்றொன்றில். 35க்கு 45 மில்லிமீட்டரில், ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இல்லை. அதைத் திர்ஹாமில் வாங்குவார்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அது பொதுவாக விசாக் கட்டணத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது விதி. குறுஞ்செய்தி, சொகுசு அறை, கூரியர் எல்லாம் விருப்பத்துக்கு உரியவை. வேண்டாம் என்று சொல்லலாம்.

பத்து விரல்களின் ரேகையும் எடுப்பார்கள். வலக்கை நான்கு விரல், இடக்கை நான்கு, பிறகு இரண்டு கட்டை விரல். 59 மாதத்துக்குள் ஏற்கெனவே ஷெங்கன் விசாவுக்காகக் கொடுத்திருந்தால் பழைய பதிவையே எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 12 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு ரேகை வேண்டாம்.

மேஸ்திரியின் கை இயந்திரத்தில் பதியவில்லை. கண்ணாடியின் மேல் நான்கு விரலை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் நான்கு வட்டம் மட்டும் தெரிந்தது, கோடுகளே இல்லை. சிமெண்டும் கம்பியும் அவற்றை எப்போதோ தேய்த்துவிட்டிருந்தன. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் விரல்களைத் துடைத்து, மெல்ல அழுத்தச் சொல்லி, நான்காவது முறையில் ஒரு கையைப் பதித்தார். இடக்கைக்கு இன்னும் ஐந்து முயற்சி. மேஸ்திரி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டட வேலை, சலவை வேலை, மீன் வெட்டும் வேலை செய்பவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, முடிந்தால் அந்த வாரம் கையுறை போட்டு வேலை செய்யுங்கள். ரேகை தருவது உடல்ரீதியாக இயலாதவருக்கு விதியில் விலக்கு உண்டு. ஆகவே பதியாவிட்டால் பதறாமல் அங்கேயே எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் கையில் இல்லாத நாட்கள்

பாஸ்போர்ட் தூதரகத்தில் இருக்கும் இரண்டு மூன்று வாரம் நீங்கள் எங்கும் பறக்க முடியாது. ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்கள் இதை முன்பே யோசிக்க வேண்டும். அவசரம் என்றால் எழுத்துமூலம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று பாஸ்போர்ட்டை வாங்கலாம், ஆனால் அதே நாளில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கட்டணமும் திரும்பாது. வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருக்கும்போது விண்ணப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். கூடுதல் காகிதம் கேட்டு தொலைபேசியோ மின்னஞ்சலோ வரலாம். தெரியாத எண் என்று தவிர்க்காதீர்கள்.

மறுத்துவிட்டால்

மறுப்பு ஒரு பொதுப் படிவத்தில், காரணத்தின் எதிரே குறியிட்டு வரும். 'பயண நோக்கமும் நிலைமைகளும் தெளிவாக்கப்படவில்லை', 'போதிய பணவசதி காட்டப்படவில்லை', 'விசா முடியும் முன் வெளியேறுவார் என்பதில் நியாயமான சந்தேகம் உள்ளது'. நம்மவர்களுக்கு அதிகம் விழுவது கடைசி வரி. வருத்தப்பட்டு உடனே அதே காகிதங்களோடு மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். எந்தக் காகிதம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தவறியது என்று பாருங்கள். ஒரு மறுப்பு அடுத்த விண்ணப்பத்தைத் தானாகவே தோற்கடிப்பதில்லை.

மேல்முறையீட்டு உரிமை உண்டு. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது மறுத்த நாட்டின் சட்டப்படி. மறுப்புக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். பிரான்சுக்கு 30 நாளுக்குள், அந்நாட்டின் நாந்த் நகரில் விசா மேல்முறையீடுகளைப் பார்க்கும் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல், தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் முறையை நிறுத்திவிட்டது. இனி நீதிமன்றம் அல்லது புது விண்ணப்பம். பெரும்பாலோருக்குக் குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே விரைவான வழி.

ஸ்டிக்கரைப் படியுங்கள்

பாஸ்போர்ட்டை வாங்கியதும் மையத்தை விட்டு வெளியே வரும் முன் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெயர், பாஸ்போர்ட் எண் சரியா? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? எத்தனை முறை நுழையலாம்? எத்தனை நாள் தங்கலாம்? தேதி இடைவெளி 26 நாள் இருந்து, தங்கும் நாள் 11 என்று இருந்தால், உங்களுக்கு 11 நாள்தான். மீதி, பயணம் முன்னே பின்னே ஆனால் சமாளிக்க. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். பல முறை நுழையும் விசாவானாலும் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது.

இந்தியருக்கு இப்போது எளிதாக இரண்டு வருட, ஐந்து வருட விசா கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஏப்ரல் 18 அன்று வந்த அந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கானது. எமிரேட்டில் வசிக்கும் நமக்குப் பொது விதிதான்: இரண்டு ஆண்டுக்குள் மூன்று விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் ஓராண்டு விசா, அதன்பின் இரண்டாண்டு, அதன்பின் ஐந்தாண்டு.

எல்லையில்

விசா இருந்தாலும் எல்லை அதிகாரி அதே கேள்விகளை மீண்டும் கேட்கலாம். அழைப்பு, தங்குமிடம், காப்பீடு, திரும்பும் டிக்கெட், கொஞ்சம் யூரோ எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். பிரெஞ்சு வரவேற்புச் சான்றின் அசலும் கைப்பையில்தான். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் வருகையையும் புறப்பாட்டையும் மின்னணு முறையில் பதிவது படிப்படியாகத் தொடங்கியது. முத்திரையின் இடத்தை முகப்படமும் ரேகையும் எடுத்துக்கொள்கின்றன. தங்கிய நாளை இயந்திரமே எண்ணுகிறது. போர்டிங் பாஸ்களையும் ஓட்டல் ரசீதுகளையும் திரும்பிவந்த பிறகும் வைத்திருங்கள், அடுத்த விண்ணப்பத்தில் கேட்டால் உதவும்.

மேஸ்திரி ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியபோது அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: எதற்காக வந்தீர்கள்? அவருக்கு ஆங்கிலம் வராது. கைப்பையில் மேலாக வைத்திருந்த பல்கலைக்கழக அழைப்பை எடுத்து, மகளின் பெயர் இருந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.